மணமுறிவு: ‘ரத்து’ம் இல்லை, ‘விலக்கு’ம் இல்லை

‘இருவரும் சம்மதித்ததால் திருமணம் ரத்து’ என்று ஒரு செய்தித் தலைப்பு. உள்ளே படித்தால், கணவனும் மனைவியும் சேர்ந்து மனுப் போட்டுப் பிரிந்த வழக்கு அது. இப்படி எழுதுவது இப்போது வழக்கமாகவே ஆகிவிட்டது.

விவாகம் வடசொல். ரத்து அரபியிலிருந்து உருது வழியாக நம் அலுவல் மொழிக்குள் வந்தது. தள்ளுதல், திருப்பிவிடுதல் என்பது அதன் மூலப்பொருள். இரண்டையும் ஒட்டவைத்ததுதான் ‘விவாகரத்து’. ஒரு சொல்லாக இறுகிப் பழகிவிட்டதால் பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அதைப் பிரித்துத் ‘திருமணத்தை ரத்து செய்தது நீதிமன்றம்’ என்று எழுதும்போது பொருளே மாறிவிடுகிறது. ரயில் ரத்து என்றால் அந்த ரயில் ஓடவே இல்லை. மணமுறிவில் திருமணம் நடந்தது, செல்லுபடியாகவும் இருந்தது. தீர்ப்பின் மூலம் முடிவுக்கு வருகிறது, அவ்வளவுதான்.

‘ரத்து’ பொருந்தும் இடம் வேறு. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் மணமுறிவு 13ஆம் பிரிவு. முதல் மனைவியோ கணவனோ உயிரோடு இருந்து, அந்தத் திருமணமும் முறியாதிருக்கும்போது செய்த மறுமணம் போன்றவை 11ஆம் பிரிவின்படி தொடக்கத்திலிருந்தே செல்லாதவை. மிரட்டியோ ஏமாற்றியோ செய்த திருமணத்தை 12ஆம் பிரிவின்படி செல்லாததாக்கக் கேட்கலாம்.

இது வெறும் சொல் சண்டை இல்லை, காலக்கெடுவே தலைகீழாகிறது. மணமுறிவு கேட்க, விதிவிலக்கான இன்னலோ கொடுமையோ இருந்தாலொழிய, திருமணமாகி ஓராண்டு கழிந்திருக்க வேண்டும். ஏமாற்றுத் திருமணத்தை ரத்து செய்யக் கேட்பவரோ ஏமாற்று தெரியவந்த ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். தெரிந்த பிறகும் மனமொத்துச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். இரண்டும் ஒன்றுதான் என்று நம்பி, ‘ஒரு வருஷம் போகட்டும்’ என்று காத்திருப்பவர் தன் உரிமையையே இழக்கக்கூடும்.

சரி, தனித்தமிழில் என்ன சொல்வது? பலர் ‘மணவிலக்கு’ என்கிறார்கள். எனக்கு இது கொஞ்சமும் ஒப்பவில்லை. மதுவிலக்கு என்றால் மது கூடாது, வரிவிலக்கு என்றால் வரி கட்ட வேண்டாம். அந்த வரிசையில் மணவிலக்கு என்றால் மணமே கூடாது என்றுதான் காதில் விழும். ‘விலகுவதைத்தானே சொல்கிறோம், மென்மையாக இருக்கிறதே’ என்பார்கள். விலகுதல் தன்வினை, விலக்குதல் பிறவினை. விலக்கு என்றதும் விலக்கியவர் ஒருவர், விலக்கப்பட்டவர் ஒருவர் என்று ஆகிறது. மனைவியைத் ‘தள்ளிவைத்தான்’ என்று சொல்லிவந்த அதே பழைய மனப்பான்மை இந்தச் சொல்லுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. சட்டமோ இருவருக்கும் வழக்குப் போடும் உரிமை தருகிறது. மனைவிக்கு மட்டுமேயான கூடுதல் காரணங்களும் 13ஆம் பிரிவிலேயே உண்டு. 1976இல் சேர்த்த 13பி பிரிவில் இருவரும் சேர்ந்தே மனுப் போடுகிறார்கள். அங்கே யார் யாரை விலக்கினார்கள்?

முறிவு என்பது தன்வினையிலிருந்து வந்த சொல். உறவு முறிந்தது, முறித்தவர் யார் என்று சொல் தீர்ப்புச் சொல்வதில்லை. அதை நீதிபதி பார்த்துக்கொள்வார். எலும்பு முறிவை நினைவூட்டுகிறது, கடுமையாக இருக்கிறது என்ற குறையைக் கேட்டிருக்கிறேன். நடப்பதும் கடுமையானதுதானே, அதை மறைக்க ஒரு சொல் எதற்கு? தவிர, ‘மணமுறிவு கோரினார்’, ‘மணமுறிவு பெற்றவர்’, ‘இருவர் இசைவு மணமுறிவு’ என்று எந்த வாக்கியத்திலும் தடையில்லாமல் நிற்கிறது. ‘பரஸ்பர சம்மத விவாகரத்து’ என்ற சுமை போதும்.

அந்த இசைவு வழியையும் செய்திகளில் பாதிதான் சொல்கிறார்கள். ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்டு ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் மறுபடி நீதிமன்றத்தை நாட வேண்டும். தகுந்த வழக்குகளில் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. செய்தியிலோ ‘உடனடி விவாகரத்து’ என்று வந்துவிடுகிறது.

மொழிபெயர்ப்பாளர்கள் மீது இன்னொரு வருத்தமும் உண்டு. 10ஆம் பிரிவில் நீதிமன்றம் ஆணையிடும் பிரிவைச் ‘சட்டப்பூர்வ விவாகரத்து’ என்று எழுதுகிறார்கள். அது மணமுறிவே இல்லை. நீதிமுறைப் பிரிவு என்று எழுதினால் போதும். அந்த ஆணை பெற்றவர்கள் சேர்ந்து வாழ வேண்டிய கடமை இல்லாதவர்கள், ஆனாலும் சட்டப்படி கணவன் மனைவிதான். ஆணைக்குப் பிறகு ஓராண்டு சேராமலிருந்தால் அப்புறம் மணமுறிவு கேட்கலாம். அதற்கு முன், கையில்தான் தீர்ப்பு இருக்கிறதே என்று நம்பி இன்னொருவரை மணந்தால் அந்தத் திருமணம் செல்லாது. மணந்தவர் மீது இருதார வழக்கும் வரலாம்.