உரத்தை நிறுத்துமுன் அரிசியை விற்றுப் பாருங்கள்

டெல்டா மாவட்ட வங்கிக் கிளைகளில் வேளாண் கடன் பார்த்தே என் வேலைக்காலம் கழிந்தது. இயற்கை விவசாயத்துக்கு மாறப்போகிறேன் என்று வருபவர்கள் பெரும்பாலும் ஒரு கோப்போடுதான் வருவார்கள். பஞ்சகவ்யா செய்முறை, மண் பரிசோதனை அட்டை, திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் வாங்கிய விதையின் விவரம் எல்லாம் அதில் இருக்கும். இரண்டு கிலோ விதை வாங்கியவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்று, பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் ஏற்படுத்திய வழக்கத்தைப் பெருமையோடு சொல்வார்கள். அரிசியை யார் வாங்கப்போகிறார்கள் என்று கேட்டால் மட்டும் ஒரு நிமிடம் பேச்சு நிற்கும். பிறகு, “நஞ்சில்லாத அரிசியை யார் சார் வேண்டாம் என்பார்கள்?” என்று பதில் வரும்.

யாரும் வேண்டாம் என்பதில்லை. அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்கள்.

அரிசிக்கு வருமுன் உரக் கணக்கைப் பார்த்துவிடலாம். ‘உரச் செலவே மிச்சம்’ என்பதுதான் மாறுகிறவர்கள் சொல்லும் முதல் காரணம். ஒரு ஏக்கர் நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை 60 கிலோ தழைச்சத்து, 20 கிலோ மணிச்சத்து, 20 கிலோ சாம்பல்சத்து. மணிச்சத்துக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி., தழைச்சத்துக்கு இரண்டரை மூட்டை யூரியா, சாம்பல்சத்துக்கு முக்கால் மூட்டைக்கும் குறைவான பொட்டாஷ் போதும். 45 கிலோ யூரியா 266 ரூபாய் 50 காசு, டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய். எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரூபாயை ஒட்டி வரும். மிச்சமாகும் தொகை அவ்வளவுதான். யூரியாவின் உண்மை விலையில் பெரும்பகுதியை அரசு மானியமாகக் கொடுத்துவிடுகிறது. சாணத்துக்கு அப்படி யார் கொடுக்கிறார்கள்?

இனி மாற்றாக வருவதைப் பாருங்கள். ஒரு மூட்டை யூரியாவில் சுமார் 20 கிலோ தழைச்சத்து இருக்கிறது. மக்கிய தொழுவுரத்தில் டன்னுக்கு ஐந்து கிலோதான். ஒரு மூட்டைக்கு ஈடாக நான்கு டன் எரு வேண்டும். சொந்த மாடு இல்லாதவர் டிராக்டர் வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி கொடுத்து அதைக் கொண்டுவர வேண்டும். வந்த எருவும் உடனே பலன் தராது. ‘ஆட்டு எரு அந்த வருடம், மாட்டு எரு மறுவருடம்’ என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது வெறும் பழமொழி இல்லை. ஒரு கடன் அலுவலராக நான் அதை வரவு எப்போது வரும் என்ற கணக்காகத்தான் படிக்கிறேன்.

எரு கிடைக்காவிட்டால் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு இருக்கிறதே என்பார்கள். நல்ல வழிதான். ஏக்கருக்கு 20 கிலோ விதை தெளித்து, பூப்பதற்கு முன் 45 நாள் வாக்கில் மடக்கி உழுதால் மண்ணுக்கு நல்ல தீனி. சம்பா என்று ஒரு போகம் மட்டும் போடுபவருக்கு இது பொருந்தும். குறுவை, தாளடி என்று இரண்டு போகம் போடுபவருக்கு அந்த 45 நாள் எங்கே இருக்கிறது? பசுந்தாளுக்கு இடம் கொடுக்க ஒரு போகத்தையே விட்டவர்களை எனக்குத் தெரியும். அந்தப் போகத்தின் வருமானம் யாருடைய செலவுக் கணக்கிலும் ஏறியதில்லை.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ரசாயன உரத்தில் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையாக 30 மூட்டை. மாறிய பிறகு பாரம்பரிய ரகத்தில் 18 மூட்டை. 2025-26 பருவத்தில் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500. முதலாவதைச் சன்ன ரகமாகப் போட்டால் 45,810 ரூபாய். இரண்டாவதைப் பொது ரகமாகப் போட்டால் 27,000. பள்ளம் 18,810. கொள்முதல் நிலையத்துத் தராசுக்கு இயற்கை நெல், உர நெல் என்ற பேதம் கிடையாது. பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் மிச்சம்தான், ஆனால் அந்த மிச்சத்தைக் கைக்களைக் கூலி வாங்கிக்கொள்ளும்.

இந்தப் பள்ளம் ஒரு போகத்தோடு முடிவதில்லை. இயற்கை விளைபொருள் என்று சான்று தரும் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் விதிப்படி, நெல் போன்ற பயிருக்கு விதைப்புக்கு முன் சான்றுக்காகக் காத்திருக்கும் இரண்டு ஆண்டு மாறுகாலம் உண்டு. இயற்கை முறையின் விளைச்சல் குறைவும் சாதாரண நெல்லின் விலையும் சேர்ந்து வரும் காலம் அது. இயற்கை விவசாயத்துக்கு உதவும் மத்திய அரசின் பரம்பராகத் கிருஷி விகாஸ் திட்டத்தில் உழவரின் கணக்குக்கு நேராக வருவது ஹெக்டேருக்கு மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 15,000 ரூபாய். ஏக்கருக்கு வகுத்தால் ஆண்டுக்கு இரண்டாயிரம் ரூபாய் அளவு. வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பி இறங்காதீர்கள்.

இலங்கை 2021-இல் ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே அரசு பின்வாங்க நேர்ந்தது. நாட்டுக்கே மாறுகாலத்தைத் தாங்கக் கை இருப்பு இல்லை என்றால், மூன்று ஏக்கர்காரரிடம் எப்படி இருக்கும்?

சென்னை வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு தம்பி மூன்று ஏக்கரையும் ஒரே மூச்சில் மாற்றினார். போட்டது மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய ரகம். ஆளுயரப் பயிர் தை மழையில் படுத்துவிட்டது, அறுவடை இயந்திரத்துக்குக் கூடுதல் நேரக் காசு. அதையும் சமாளித்தார். ஆடி மாதம் அவர் வீட்டுக்குப் போனபோது கூடத்தில் மூட்டைகள் சுவரோடு சுவராக அடுக்கிக் கிடந்தன. ஒன்றைப் பிரித்துக் கையை விட்டார். உள்ளங்கையில் அரிசியோடு வண்டும் ஊர்ந்தது. வண்டைக் கொல்லும் மாத்திரை போட முடியாது, போட்டால் இயற்கை அரிசி என்று விற்க முடியாது. வெயிலில் காயவைத்துப் புடைத்துப் புடைத்து அவருடைய அம்மாவின் தோள்பட்டை போய்விட்டது. நல்ல விலை சொன்ன கடைக்காரர் முதல் நூறு கிலோவுக்குப் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை.

அவர் நெல்லாக விற்காமல் அரிசியாக்கியது சரியான முடிவுதான். 18 மூட்டை நெல்லில் 650 கிலோ அரிசி தேறினால், கிலோ 75 ரூபாய்க்கு 48,750 ரூபாய் வரும். காகிதத்தில் பள்ளம் நிரம்பிவிட்டது. ஆனால் அதிலிருந்து நெல் அவிக்கும் கூலி, அரவைக் கூலி, பை, வண்டிச் செலவு, வண்டு தின்றது எல்லாம் போக வேண்டும். பணமும் எட்டு மாதத்தில் ஐந்து கிலோ, பத்து கிலோவாக வரும். வட்டி அப்படிக் காத்திருப்பதில்லை. இயற்கை அரிசிக்குக் கிடைக்கும் கூடுதல் விலையில் பெரும்பங்கு வயலுக்கு உரியதல்ல, வியாபாரம் பார்ப்பதற்கான கூலி. அந்த வேலை உங்களுக்குப் பிடிக்காது என்றால் பார்ப்பவர் ஒருவரை முதலில் பிடியுங்கள். ஆலைக்காரரிடமும் முன்கூட்டியே பேசுங்கள். சில மூட்டைகளுக்காகத் தனியாக அவித்துத் தர எல்லா ஆலையும் ஒப்புக்கொள்ளாது. பெரிய ஆலையில் கொடுத்தால் உங்கள் அரிசிதான் திரும்பி வந்தது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கடன் விஷயத்தில் ஒரு வார்த்தை. கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனில் ஒரு பகுதி உரமாகவே கொடுக்கப்படுகிறது. மாறுகிறவருக்கு அந்தப் பகுதியால் பயனில்லை. அதை வாங்கிப் பக்கத்து வயல்காரருக்கு விற்கிறவர்கள் உண்டு. நான் பார்த்ததில்லை என்று சொல்லமாட்டேன்.

வாய்மொழிக் குத்தகையில் இருப்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். மூன்று ஆண்டு எருவைக் கொட்டி மண்ணைத் தேற்றிய பிறகு நிலத்துக்காரர் கேட்டால் விட்டுவிட்டு வரவேண்டியதுதான். பத்திரம் இல்லாத நிலத்தில் போடும் எரு அடுத்தவர் கணக்கில் வரவு. வயலுக்கு வயல் தண்ணீர் பாயும் இடமானால் மேல்வயல்காரரின் யூரியாவும் கூடவே வரும், சான்றிதழுக்கு ஆய்வு செய்ய வருபவர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

என்னிடம் கடன் வாங்கிய ஓர் அம்மா வேறு மாதிரி செய்தார். முதல் ஆண்டு உரத்தை நிறுத்தவே இல்லை. பக்கத்து ஊர் உழவரிடம் இரண்டு மூட்டை தூயமல்லி அரிசி வாங்கி, தனக்குத் தெரிந்த ஆசிரியர் குடும்பங்களுக்கு விற்றுப் பார்த்தார். யார் மறுமாதம் திரும்பக் கேட்டார்கள் என்று பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினார். பதினோரு வீடு தேறியது. அதற்குப் போதுமான அளவுக்கு ஒரு ஏக்கர் மட்டும் மாற்றினார். வைக்கோலையும் வரவில் எழுதுவார், நெட்டை ரகத்தின் வைக்கோல் அவருடைய மாடுகளுக்குத் தீனி. உழவர்களே ஒருவர் வயலை ஒருவர் சரிபார்க்கும் பங்கேற்பு உத்தரவாதத் திட்டத்தில் ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்தால் செலவு அதிகமில்லாமல் சான்றிதழ் கிடைக்கும் என்று சொன்னேன். அதில் சேர்ந்தால் நிலத்தில் பாதி இப்படி, பாதி அப்படி என்று நெடுநாள் வைத்துக்கொள்ள விடமாட்டார்களே என்று கேட்டுவிட்டு, வேண்டாம் என்றார். சிறு உழவர் நேரடியாக வீடுகளுக்கு விற்பதற்கு 2017 உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையில் சான்றிதழிலிருந்து விலக்கு இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

நான்காம் ஆண்டு இரண்டாவது ஏக்கரையும் மாற்றினார். மூன்றாவது ஏக்கரில் இன்னும் யூரியாதான் விழுகிறது. ஏன் என்று கேட்டேன்.

“அது உங்கள் வங்கிக்கு, சார்” என்றார்.