நெஞ்சு ஆபரேஷனுக்கு எடை எதற்கு?

சுங்கை சிப்புட்டில் எங்கள் அடுத்த வரிசை வீட்டுப் பெரியம்மாவுக்கு வயது 70, எடை 45 கிலோ. முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். பைபாஸ் செய்யச் சொல்லிவிட்டார்கள். "நெஞ்சுல வெட்டப் போறாங்க, எடை எதுக்கு தம்பி கேக்குறாங்க?" என்றார், ஒட்டுக்கடையில்.

எல்லாம், இதய ஆபரேஷனில் உயிராபத்து எவ்வளவு என்று சொல்லும் யூரோஸ்கோர் 2 என்ற கணக்குக்குத்தான். 2010இல் 43 நாடுகளில் இதய ஆபரேஷன் செய்துகொண்ட 22,381 பேரின் விவரங்களை வைத்து உருவாக்கி, 2012இல் வெளியிட்டார்கள். 1999இல் வந்த பழைய கணக்கு, சிகிச்சை தேறத் தேற, ஆபத்தைக் கூட்டிச் சொல்ல ஆரம்பித்திருந்தது.

எடை கேட்பது சிறுநீரகத்துக்காக. ரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினின், தசையிலிருந்து வரும் கழிவு. மெலிந்த உடம்பில் அது குறைவாகத்தான் உண்டாகும். சிறுநீரகம் சோர்ந்திருந்தாலும் ரிப்போர்ட் பார்க்க நன்றாகவே இருக்கும். பெரியம்மாவுக்கு 100 மைக்ரோமோல். செம்பனை லாரி ஓட்டும் 45 வயது, 80 கிலோ ஆளுக்கும் அதே 100 என்று வைத்துக்கொள்வோம். 140இல் வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, பெண்ணென்றால் 1.04ஆலும் ஆணென்றால் 1.23ஆலும் பெருக்கி, கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். வருவது, சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகம். லாரிக்காரருக்கு 93 வருகிறது, பெரியம்மாவுக்கு 33. யூரோஸ்கோரில் 85க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 50ஐத் தாண்டாவிட்டால் ஆபத்து நன்றாகவே ஏறும். இதயத்தை நிறுத்தி, இயந்திரம் ரத்தத்தை ஓட்டும் நேரத்தில் சிறுநீரகத்துக்கு வரத்து குறையலாம். சேமிப்பு இல்லாத சிறுநீரகம் அதைத் தாங்காது.

இனிப்புநீருக்கு மாத்திரை போடுபவருக்கு இதில் கூடுதல் புள்ளி கிடையாது, இன்சுலின் போடுபவருக்கு உண்டு. வயது, இதயத்தின் பலம், அண்மையில் மாரடைப்பு வந்ததா, அவசர ஆபரேஷனா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு. கூட்டி வருவதைச் சதவீதமாக மாற்றுவார்கள்.

இது உயிராபத்தை மட்டும்தான் சொல்லும். அமெரிக்க நெஞ்சு அறுவை மருத்துவர் சங்கத்தின் எஸ்டிஎஸ் கணக்கு பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, 24 மணி நேரத்துக்கு மேல் மூச்சுக் கருவி, மார்பெலும்புப் புண்ணில் ஆழமான கிருமித் தொற்று, மறு ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் தனித்தனி எண் தரும். நானாக இருந்தால் அதையும் கேட்டு வாங்குவேன்.

"நூத்துக்கு அஞ்சுன்னாங்க. அந்த அஞ்சுல நான் ஒருத்தியா?"

அது கணக்குக்கே தெரியாது. இவரைப் போன்ற நூறு பேரில் சுமார் ஐந்து பேர் என்பதோடு அதன் வேலை முடிந்தது.

தளர்ச்சியைக் கண்டுபிடிக்கச் சில மருத்துவர்கள் 5 மீட்டர் நடக்கச் சொல்வார்கள். 6 விநாடியோ அதற்கு மேலோ பிடித்தால் மெதுநடை, ஆபத்து கூடுதல். பெரியம்மா எழுந்து போகும்போது கைப்பேசியில் நேரம் பார்த்தேன். ரொட்டி சானாய்ப் பொட்டலத்தோடு, நாலு விநாடி.