முதுகுல காத்து, இடது கையில புயல்
2019 ஏப்ரல் கடைசி, சென்னையில ஏரியெல்லாம் தரை தட்டிக் கெடந்த நேரம், அப்பதான் வங்கக்கடல்ல ஃபானி புயல் உருவாகுது, நம்ம பக்கம் வரலாம்னு முதல்ல பேச்சு, எங்க வீட்ல மொட்டைமாடி ஓட்டையக்கூட சிமெண்ட் வெச்சு பூசியாச்சு. அது என்னடான்னா பாதி வழியில வடக்க திரும்பி மே 3 அன்னிக்கு ஒடிசால பூரி பக்கம் கரையேறிடுச்சு. நமக்கு ஒரு தூறல்கூட இல்ல, வெயில்தான் மண்டைய பொளந்துச்சு.

புயல் வராட்டி மழை இல்ல, அது சரி, ஆனா வெயில் ஏன் ஏறணும்?

புயலோட நடுவுல காத்தழுத்தம் கம்மி, அதனால சுத்தியிருக்கற காத்து உள்ள பாயுது, ஆனா பூமி சுத்தறதால நேரா போகாம வலது பக்கம் ஒதுங்கி ஒதுங்கி, கடைசில புயலைச் சுத்தி கடிகாரத்துக்கு எதிர்த்திசையில ஓட ஆரம்பிச்சிடும். அப்போ புயலுக்கு வடக்க இருக்கறவனுக்கு கடல்காத்து, கொண்டல். தெற்க இருக்கறவனுக்கு மேற்குலேர்ந்து வர்ற மேல்காத்து, அதான் கடற்கரையில கச்சான்னு சொல்வாங்களே அது. புயல் ஒடிசாவுல நின்னா நாம தெற்க மாட்டிக்கிறோம். இந்த கச்சான் மேற்குத்தொடர்ச்சி மலை ஏறும்போதே ஈரத்தை கேரளா பக்கம் கொட்டிட்டு, இந்தப் பக்கம் இறங்கறப்ப சூடாகி, காஞ்ச நிலத்து மேலயே வந்து சேருது. போதாததுக்கு மத்தியானம் வழக்கமா உள்ள வர்ற கடல்காத்தையும் கரையிலயே மறிச்சிடும். மே மாசத்துல இதவிட கொடுமை வேணுமா?

சரி, ஃபானி ஏன் திரும்புச்சு? புயல் தானா எங்கயும் போகாது, ஆத்துல விட்ட தேங்கா மாதிரிதான். மேல இருக்கற உயர் அழுத்தப் பகுதி, அதாவது ஹை, அதைச் சுத்தி காத்து கடிகாரத் திசையில ஓடும், அந்த ஹையோட ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டே புயல் நகரும். ஹை நமக்கு வடக்க நீளமா படுத்திருந்தா புயல் நேரா மேற்க வரும், 2016 டிசம்பர் 12 வர்தா சென்னைக்கு வந்த மாதிரி. ஹை கிழக்க விலகிட்டா அதோட மேற்கு ஓரமா வடக்க வளைஞ்சிடும். எந்தப் பக்கமும் இழுவை இல்லன்னா நின்ன எடத்துலயே நிக்கும், அதுதான் ரொம்ப டேஞ்சர். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையேறின ஃபெஞ்சல் அப்படித்தான் நகராம நின்னுச்சு, விழுப்புரம் மாவட்டம் மயிலத்துல ஒரே நாள்ல 51 செமீ மழை.

புயல் எங்க இருக்குன்னு பாக்க செல்போன் வேணாம். காத்து முதுகுல படற மாதிரி நில்லுங்க, இடது கைப்பக்கம்தான் காத்தழுத்தத் தாழ்வு, அதாவது புயல் இருக்கற பக்கம். பைஸ் பேலட்னு ஒரு டச்சுக்காரர் 1857லயே சொன்ன கணக்கு இது. வாடை அடிச்சா முதுகை வடக்க காட்டி நிப்பீங்க, இடது கை கடலைக் காட்டும், குடையை எடுத்து வைங்க. கச்சான் அடிச்சா இடது கை ஆந்திராவைக் காட்டும், துணியைக் காயப் போடலாம். தெருவுல நின்னு பாக்காதீங்க, பில்டிங் இடுக்குல காத்து இஷ்டத்துக்கு திரும்பும், மாடியில ஏறி தாழ ஓடற மேகம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு பாருங்க.