மனக்காயமும் வேலைக்காயமே: ஒன்ராறியோ அவசரப் பணியாளர்களுக்கான பி.ரி.எஸ்.டி. இழப்பீடு

அவசர அழைப்பு நிலையத்தில் இரவு வேலை பார்க்கும் ஒருவர், மூச்சு நின்றுபோன குழந்தையின் தாய்க்கு, நெஞ்சை எப்படி அழுத்த வேண்டும் என்று தொலைபேசியில் எண்ணி எண்ணிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கு வந்ததும் இணைப்பு நின்றுவிடுகிறது. குழந்தை பிழைத்ததா என்பது பெரும்பாலும் அவருக்குத் தெரியவராது. அதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் இப்படிக் கழிந்த பின்னர் ஒருநாள் தலையணியை எடுக்கும்போதே அவருடைய கை நடுங்குகிறது என்றால், அந்த நடுக்கம் எந்த அழைப்பால், எந்தத் தேதியில் வந்தது என்று அவரால் சொல்ல முடியாது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2016ஆம் ஆண்டு வரை, இழப்பீடு கேட்டுப் போனவரிடம் ஏறக்குறைய அந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள்.

அந்த மாகாணத்தில் வேலையால் வரும் காயங்களுக்கும் நோய்களுக்கும் இழப்பீடு வழங்குவது, டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்று எல்லோரும் சொல்லும் வேலையிடப் பாதுகாப்பு, காப்புறுதிச் சபையாகும். அதற்கு அடிப்படையான 1997ஆம் ஆண்டுச் சட்டம், வேலையில் திடீரென்று எதிர்பாராமல் நேர்ந்த ஓர் அதிர்ச்சி நிகழ்வுக்கு உடனடியாக ஏற்பட்ட பாதிப்பை மட்டுமே மன நெருக்கீடாக ஏற்றுக்கொண்டது. சிறிது சிறிதாகச் சேர்ந்து ஆளை உடைக்கும் மனவடு அதற்குள் அடங்கவில்லை. 2014ஆம் ஆண்டில் ஒரு தாதியின் வழக்கை விசாரித்த மேன்முறையீட்டு நியாயமன்றம், இந்தக் கட்டுப்பாடு கனேடிய உரிமைகள் சாசனம் தரும் சமத்துவ உரிமைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. சட்டமன்றத்திலோ, புதிய ஜனநாயகக் கட்சி உறுப்பினர் செரி டினோவோ அவசரப் பணியாளர்களின் மனவடுவுக்காகப் பல ஆண்டுகளாகத் தனிநபர் சட்டமூலங்களைக் கொண்டுவந்துகொண்டிருந்தார். இறுதியில் அரசே கொண்டுவந்த 163ஆம் இலக்கச் சட்டமூலம் 2016 ஏப்ரல் 6ஆம் தேதி சட்டமானது.

இந்தச் சட்டத்தின் உயிர் ஒரே வாக்கியத்தில் இருக்கிறது. அவசரப் பணியாளர் ஒருவருக்கு நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய், அதாவது பி.ரி.எஸ்.டி., இருப்பதாக உரிய மருத்துவர் உறுதிசெய்தால், எதிராக நிறுவப்பட்டாலொழிய, அது அவருடைய வேலையால் வந்ததாகவே கொள்ளப்படும். சட்டத்தின் மொழியில் இது ஓர் அனுமானம். இதனால் நிரூபிக்கும் சுமை தோள் மாறுகிறது. வேலையால்தான் இந்த நோய் வந்தது என்று நோயாளி காட்ட வேண்டியதில்லை. வேலையால் வரவில்லை என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். தூக்கமில்லாமல், கூட்டத்தைக் கண்டால் வியர்த்து, தன் பிள்ளைகளோடே பேச முடியாமல் இருக்கும் ஒருவரிடம் இருபது ஆண்டு வேலையைத் தோண்டி ஆதாரம் கொண்டு வா என்று கேட்பது எவ்வளவு கொடுமை என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த மாற்றத்தின் பெறுமதி விளங்கும்.

தீயணைப்பு வீரர்கள் முழுநேரமோ பகுதிநேரமோ, சம்பளமின்றித் தொண்டாகச் செய்பவர்களோ, அனைவரும் இதற்குள் வருவர். பொலிஸ் அதிகாரிகள், துணை மருத்துவர்கள், பழங்குடிச் சமூகங்களின் கான்ஸ்டபிள்களும் அவசர உதவிக் குழுவினரும், சிறைச்சாலைகளிலும் இளையோர் காப்பிடங்களிலும் வேலை செய்பவர்கள், மேலே சொன்ன அழைப்பு நிலையப் பணியாளர்கள் ஆகியோர் தொடக்கத்திலிருந்தே சேர்க்கப்பட்டனர். 2018ஆம் ஆண்டில், நோயாளிகளை நேரடியாகப் பராமரிக்கும் தாதியர், நன்னடத்தை மற்றும் பரோல் அதிகாரிகள், சிறப்புக் கான்ஸ்டபிள்கள் போன்றோரும் இணைக்கப்பட்டனர். காட்டுத்தீயை அணைப்போருக்கு இந்தப் பாதுகாப்பை விரிக்கும் சட்டம் 2024இல் நிறைவேறியது.

தாதியர் என்பதை இங்கே கவனமாகப் படிக்க வேண்டும். தாதியரைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒன்ராறியோத் தாதியர் கல்லூரியில் பதிவு பெற்றவர்களையே அந்தச் சொல் குறிக்கிறது. நம்மவர்களில் ஏராளமானோர் முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலும் பி.எஸ்.டபிள்யூ. எனப்படும் தனிநபர் பராமரிப்புப் பணியாளர்களாக இருக்கின்றனர். அவர்கள் இந்த அனுமானத்துக்குள் வருவதில்லை. ஒரே இரவில், ஒரே அறையில், ஒரே நோயாளி தாக்கிய இருவரில் தாதிக்கு அனுமானம் உண்டு, அவருக்குப் பக்கத்தில் நின்ற பராமரிப்புப் பணியாளருக்கு இல்லை. இது நியாயமான கோடு என்று நான் நினைக்கவில்லை. ஆயினும் அவர்களுக்கு வழியே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அதிர்ச்சி நிகழ்வால் வரும் மன நெருக்கீட்டுக்கும், 2018 ஜனவரி 1 முதல் நாட்பட்ட மன நெருக்கீட்டுக்கும் ஏனைய தொழிலாளர்களும் டபிள்யூ.எஸ்.ஐ.பி.யில் கோரிக்கை வைக்கலாம். வேறுபாடு என்னவென்றால், அங்கே காரணத்தை அவர்களே காட்ட வேண்டும். நாட்பட்ட நெருக்கீட்டில் வேலையே முதன்மைக் காரணம் என்று நிறுவ வேண்டும்.

அனுமானம் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் ஒரு காகிதத்தில் தங்கியிருக்கிறது. நோயை உறுதிசெய்பவர் மனநல மருத்துவராகவோ பதிவு பெற்ற உளவியலாளராகவோ இருக்க வேண்டும். உறுதிசெய்தலும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிட்ட டி.எஸ்.எம். என்னும் மனநோய்க் கையேட்டின் 5ஆம் பதிப்பின் வரையறைப்படி அமைய வேண்டும். குடும்ப மருத்துவரின் கடிதமோ ஆற்றுப்படுத்துநரின் குறிப்போ சிகிச்சைக்கு உதவும், கோரிக்கையைத் தொடக்கி வைக்கவும் உதவும். அனுமானத்துக்கு அது போதாது. மனநல மருத்துவரைப் பார்க்கும் செலவை மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் ஏற்கும், ஆனால் குடும்ப மருத்துவரின் பரிந்துரையும் காத்திருப்பும் தேவைப்படும். தனியாக இயங்கும் உளவியலாளருக்கு ஓஹிப் பணம் கொடுக்காது. வேலையிடத்து மருத்துவக் காப்புறுதி எவ்வளவு தரும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. சம்பவ இடத்தில் நேரில் நின்றிருக்க வேண்டும் என்று டி.எஸ்.எம். வரையறை சொல்வதில்லை. உடற்பாகங்களைச் சேகரிப்பவர், சிறுவர் துன்புறுத்தல் விபரங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க நேரும் பொலிஸ் அதிகாரி ஆகியோரையே அது எடுத்துக்காட்டாகக் கூறுகிறது. வேலையை விட்டுவிட்டவராயின், விட்ட நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் நோய் உறுதிசெய்யப்பட்டிருக்க வேண்டும். ஓய்வு பெற்ற பின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் இழப்பது இந்த இடத்தில்தான்.

ஈழத்திலிருந்து வந்து இந்த வேலைகளில் இருப்பவர்கள் மனத்துக்குள் வைத்துக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்று உண்டு. ஷெல் விழுவதைப் பார்த்து வளர்ந்தவர், 1983இலோ 2009இலோ சொந்தங்களை இழந்தவர், இன்று ரொறன்ரோவில் துணை மருத்துவராக இருக்கிறார். உளவியலாளர் வாழ்க்கை வரலாற்றைக் கேட்கும்போது, போரைப் பற்றிச் சொன்னால், உன் நோய் அங்கிருந்து வந்தது என்று சபை கையை விரித்துவிடுமோ என்று அஞ்சி அதை மறைக்கத் தோன்றும். மறைக்க வேண்டாம். அனுமானத்தை உடைக்க, வாழ்வில் வேறொரு துயரமும் இருந்தது என்று காட்டினால் போதாது. நோய்க்கு வேலை ஒரு கணிசமான காரணமாகவே இருக்கவில்லை என்று நிறுவப்பட வேண்டும் என்பதே சபையின் கொள்கை. பழைய காயமும் புதிய காயமும் ஒருவருக்குள் சேர்ந்தே இருக்கலாம். போருக்குப் பின் எத்தனை ஆண்டுகள் படித்து, வேலை செய்து, குடும்பம் நடத்தி நலமாக இருந்தார், எந்தக் காலத்திலிருந்து எந்த அறிகுறிகள் தொடங்கின என்பதை மருத்துவ அறிக்கை தெளிவாகச் சொல்லுமானால் அதுவே அவருக்குப் பலம். மறைத்த செய்தி பின்னர் பழைய மருத்துவக் கோப்பிலிருந்து வெளிவருமானால், அவருடைய மற்றச் சொற்களையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

சட்டம் வெளிப்படையாக விலக்குவது ஒன்று இருக்கிறது. இடமாற்றம், வேலை நேர மாற்றம், ஒழுக்காற்று நடவடிக்கை, பணிநீக்கம் போன்ற முதலாளியின் வேலை தொடர்பான முடிவுகளால் நோய் வந்ததென்று காட்டப்பட்டால் இந்த உரிமை கிடைக்காது. ஆகவே மேலதிகாரியோடு இருந்த மனத்தாங்கலே கோரிக்கையில் பெரிதாகத் தெரியும்படி எழுதாமல், வேலையில் கண்டதையும் கேட்டதையும் முன்வைத்து உள்ளபடி எழுத வேண்டும்.

கோரிக்கை வைப்பவர் படிவம் 6ஐயும், முதலாளி படிவம் 7ஐயும், மருத்துவர் படிவம் 8ஐயும் அனுப்புவது வழக்கம். தொழிலாளிக்கு ஆறு மாத கால எல்லை உண்டு. முதலாளி விடயம் தெரிந்து மூன்று வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மாநகர சபைகள் போன்ற சில முதலாளிகள் கூட்டுக் காப்புறுதி நிதிக்குள் வராமல் இழப்பீட்டுச் செலவைத் தாமே ஏற்கின்றன. ரொறன்ரோ மாநகரமும் அப்படியே. முடிவெடுப்பது சபைதான் என்றாலும், பணம் தன் பெட்டியிலிருந்து போகும்போது முதலாளி கோரிக்கையை எதிர்த்து நிற்க நேரலாம் என்பதை எதிர்பார்த்திருக்க வேண்டும். அப்படியொரு தகராறில் முதலாளி மருத்துவ அறிக்கைகளைப் பார்க்கக் கேட்டால், கொடுப்பதற்கு முன் சபை தொழிலாளிக்கு அறிவித்து, ஆட்சேபிக்க வாய்ப்பளிக்க வேண்டும். அந்தக் கடிதம் வந்தால் திறக்காமல் வைத்துவிடக் கூடாது. கடிதத்தைத் திறக்க முடியாமையே இந்த நோயின் ஓர் அறிகுறியாக இருப்பதால், வீட்டில் ஒருவர் தபாலைப் பார்க்கும் பொறுப்பை எடுத்துக்கொள்வது நல்லது.

ஏற்கப்பட்டால் சிகிச்சைச் செலவோடு, வேலை செய்ய முடியாத காலத்துக்கு வரி முதலியன கழித்துக் கைக்கு வரும் சராசரி வருமானத்தில் 85 சதவீதம், சட்டம் விதிக்கும் உச்ச வரம்புக்குள் கிடைக்கும். நிரந்தரப் பாதிப்பு எஞ்சினால் அதற்குத் தனித் தொகை உண்டு. இருபது பேருக்குக் குறையாத வேலையிடத்தில் தொடர்ச்சியாக ஓராண்டாவது வேலை செய்தவரை மீண்டும் வேலைக்கு எடுக்கும் கடமை முதலாளிக்கு இருக்கிறது. அது காயத்திலிருந்து அதிகபட்சம் இரண்டு ஆண்டுகளுக்கு நீடிக்கும்.

மறுக்கப்பட்டால், வேலைக்குத் திரும்புவது பற்றிய முடிவுகளுக்கு 30 நாட்களுக்குள்ளும், மற்ற முடிவுகளுக்கு ஆறு மாதங்களுக்குள்ளும் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். சபைக்குள் நடக்கும் மேன்முறையீடும் தோற்றால், அதன் பின் ஆறு மாதங்களுக்குள் சபையிலிருந்து தனித்து இயங்கும் மேன்முறையீட்டு நியாயமன்றத்துக்குப் போகலாம். தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள் முதலில் சங்கப் பிரதிநிதியிடம் பேச வேண்டும். சங்கம் இல்லாதவர்களுக்கு, மாகாணத் தொழில் அமைச்சின் கீழ் உள்ள தொழிலாளர் ஆலோசகர் அலுவலகம் கட்டணமில்லாமல் உதவுகிறது. கால எல்லை நெருங்கிவிட்டால், ஆவணங்கள் எல்லாம் சேரும்வரை காத்திராமல் ஆட்சேபப் படிவத்தை முதலில் அனுப்பிவிட்டு, மருத்துவ அறிக்கையைப் பின்னர் சேர்க்கலாம்.