மழை அவிசாவளைப் பக்கத்திலிருந்து வருகிறது

ஐப்பசி பிறந்துவிட்டால் கொழும்பில் வானிலை அறிக்கையின் ஒரு வாக்கியம் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிடும். "மேல், சப்ரகமுவ, மத்திய, தென் மாகாணங்களில் பிற்பகல் 1.00 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்." திங்கட்கிழமையும் அதுதான், வியாழக்கிழமையும் அதுதான். வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பின் கீழ்வீட்டு அன்ரி இதைக் கேட்கும்போதெல்லாம் சிரிப்பார். "இதைச் சொல்வதற்கு எதற்குப் படிப்பு? நானே சொல்லுவேனே!"

சொல்லுவார்தான். ஆனால் ஏன் பிற்பகல், ஏன் இடி, ஏன் எல்லா நாளும் என்று கேட்டால் அந்த அலுப்பூட்டும் வாக்கியத்துக்குள் ஒரு பெரிய இயந்திரம் ஓடிக்கொண்டிருப்பது தெரியும்.

மே முதல் செப்டெம்பர் வரை இலங்கையில் தென்மேல் பருவப்பெயர்ச்சி. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவப்பெயர்ச்சி. வடக்கில் கடலுக்குப் போகிறவர்கள் முதலாவதைச் சோளகம் என்பார்கள், மற்றதை வாடை என்பார்கள். நடுவில் அகப்பட்ட ஒக்டோபருக்கும் நவம்பருக்கும் இடைப்பருவம் என்று பெயர். பெயர் சொல்லும்படியான காற்று எதுவும் அப்போது நிலையாக வீசுவதில்லை. வேடிக்கை என்னவென்றால், அடுத்தடுத்த இரண்டு மாதங்களைச் சேர்த்துப் பார்த்தால் கொழும்பில் ஆண்டிலேயே அதிக மழை கொட்டுவது இப்போதுதான். ஒக்டோபரின் சராசரி 350 மில்லிமீட்டரை ஒட்டியது, நவம்பருடையது 300ஐத் தாண்டும். ஜனவரியில் அது 60 அளவுக்கு இறங்கிவிடும். கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்ற பழமொழி, மார்கழியிலும் நனையும் யாழ்ப்பாணத்தைவிடக் கொழும்புக்கே நன்றாகப் பொருந்துகிறது.

காற்று அடங்கியிருப்பதுதான் இதற்கு வசதி. பலத்த பருவக்காற்று வீசினால் சூடும் ஈரமும் ஓரிடத்தில் தங்காது. காற்று ஓய்ந்த நாளில் காலை முழுவதும் வெயில் தரையைத் தன் விருப்பத்துக்குக் காய்ச்சும். பகல் பதினொரு மணிக்குக் காலி வீதியின் தார் காலை வைக்க முடியாதபடி கொதிக்கும். சில நூறு மீட்டர் தள்ளியிருக்கும் கடலோ 28 பாகைக்குப் பக்கத்திலேயே நிற்கும். சூடேறிய நிலத்தின் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே நுழைகிறது. காலிமுகத்திடலில் பிள்ளைகளின் பட்டங்களைத் தூக்கிப் பிடிப்பது இந்தக் கடற்காற்றுத்தான்.

பட்டத்தோடு அதன் வேலை முடிந்துவிடுவதில்லை. நீராவியைச் சுமந்துகொண்டு ஹங்வெல்ல, அவிசாவளை என்று உள்ளே போகிறது. அங்கே சப்ரகமுவ மலைச்சரிவு எதிரே நிற்கிறது. மலைக்கு அப்பாலிருந்து மெல்லிய கிழக்குக் காற்றும் வருகிறது. இரண்டும் முட்டிக்கொண்டால் போக ஒரே வழிதான், மேலே. பாடசாலைப் புவியியலில் மேற்காவுகை மழை என்று படித்தோமே, அது இங்கேதான் தொடங்குகிறது.

எழும்பும் காற்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 10 பாகை குளிர்கிறது. ஓர் உயரத்தில் நீராவி துளிகளாக ஒடுங்கி முகிலாகிறது. ஒடுங்கும்போது, கடலில் ஆவியாகியபோது உறிஞ்சிய வெப்பத்தை அப்படியே திருப்பிக் கொடுக்கிறது: ஒரு கிலோகிராமுக்கு ஏறக்குறைய 25 இலட்சம் யூல். அந்த மறைவெப்பம் முகிலுக்குள் இருக்கும் காற்றைச் சூடாக்கி இன்னும் மேலே தள்ளும். தன் எரிபொருளைத் தானே எரித்து ஏறுகிற இயந்திரம் இது. கொழும்பு மாநகரின் 37 சதுர கிலோமீட்டரிலும் 100 மில்லிமீட்டர் மழை பெய்வதாக வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் மட்டும் 370 கோடி லீட்டர். அது ஒடுங்கியபோது வெளிவந்த சக்தியை உண்டாக்க 900 மெகாவாட் நுரைச்சோலை அனல்மின் நிலையம் நிற்காமல், முழு வலுவில், கிட்டத்தட்ட நான்கு மாதம் ஓட வேண்டும். ஒரு மாலை மழைக்கு! கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று இரண்டு தடவை சரிபார்த்தேன்.

இந்த முகில் 15 கிலோமீட்டர் வரையும் வளரும். ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு மேலே உறைநிலை; வெள்ளவத்தையில் வியர்த்துக்கொண்டு நிற்கும் நம் தலைக்கு நேர் மேலே பனிக்கட்டி மிதக்கிறது. அங்கே சிறு பனிப்பளிங்குகளும் மென்மையான ஆலங்கட்டித் துகள்களும் உரசுகின்றன. பளிங்குகள் நேர்மின்னோடு உச்சிக்குப் போக, கனமான துகள்கள் எதிர்மின்னோடு கீழே தங்குகின்றன. இடைவெளி தாங்காதபோது மின்னல். ஒளியைக் கண்டபின் இடி கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் கேட்டுவிட்டால் மொட்டைமாடித் துணியை மறந்துவிட்டு உள்ளே வருவது நல்லது.

முகில் உருவானது அவிசாவளையில் என்றால் கொழும்பு ஏன் நனைகிறது? இந்தப் பருவத்தில் மேல்வானக் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கே நகர்கிறது. பிற்பகலில் உள்நாட்டில் திரண்ட முகில்களை அது மெல்லத் தள்ளிக்கொண்டு கரைக்கு வருகிறது. வந்து சேரும் நேரம் பெரும்பாலும் அலுவலகம் விடுகிற நேரம். பேஸ்லைன் வீதியில் பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் இதைச் சதி என்று நினைக்கலாம். தரை சூடேறவும் முகில் வளரவும் நகரவும் எடுக்கும் நேரத்தைக் கூட்டினால் அந்த மணிதான் வருகிறது. தென்மேல் பருவ மழை கடலிலிருந்து வரும், ஐப்பசி மழை நமது முதுகுப் பக்கத்திலிருந்து வரும்.

சரி, எந்த நாள் எந்தத் தெரு என்று ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லக்கூடாதா? தனி இடிமுகில் ஒன்றின் குறுக்களவு சில கிலோமீட்டர், ஆயுள் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கொட்டாஞ்சேனையில் கொட்டும்போது தெஹிவளையில் வெயில் அடிப்பது அதனால்தான். உலை கொதிக்கும் என்று உறுதியாகச் சொல்லலாம். முதல் குமிழி பானையின் எந்த மூலையில் எழும் என்று யாரும் சொல்ல முடியாது. குமிழி தோன்றியபின் ரேடாரும் செய்மதியும் அதைப் பின்தொடரும். அதுவும் ஓரிரு மணி நேரத்துக்கான கதை.

வார முன்னறிவிப்பு பார்ப்பது அடுப்பின் நெருப்பை. வட, தென் அரைக்கோளக் காற்றுகள் சந்திக்கும் ஒருங்கல் வலயம் இலங்கைக்கு மேல் நிற்கிறதா, 30 முதல் 60 நாளுக்கு ஒருமுறை உலகைச் சுற்றிக் கிழக்கே நகரும் பெரும் மழைமுகில் திரளான மேடன்-ஜூலியன் அலைவு இந்துசமுத்திரத்தில் இருக்கிறதா, வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும் அறிகுறி உண்டா என்பவை பல நாள் முன்னதாகவே ஓரளவு தெரியும்.

ஆகவே அந்தப் பழைய வாக்கியம் மாறும் நாளில்தான் காதைக் கூர்மையாக்க வேண்டும். "பிற்பகல் 1.00 மணிக்குப் பின்னர்" என்பது போய் "அவ்வப்போது மழை" வந்து, கூடவே "தாழமுக்கம்" என்ற சொல்லும் சேர்ந்தால் இயந்திரமே மாறிவிட்டது என்று அர்த்தம். வெயிலுக்குக் காத்திராத மழை அது. விடியும்போதே மப்பும் மந்தாரமுமாக இருக்கும், இடிகூடக் குறைவாக இருக்கலாம். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியும், 2025 நவம்பர் இறுதியில் மலையகத்தில் மண்சரிவுகளைக் கொண்டுவந்த டித்வாவும் இந்தப் பருவத்தின் பிள்ளைகளே. பலத்த மழை என்றால் எவ்வளவு என்பதற்குக் கொழும்பிலேயே அளவுகோல் இருக்கிறது. 2010 நவம்பர் 10ஆம் திகதி இரவு தொடங்கி விடிவதற்குள் இங்கே 400 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் நின்றது. பத்துப் பேர்ச்சஸ் (ஏறத்தாழ 250 சதுர மீட்டர்) காணி ஒன்றில் மட்டும் அது ஒரு இலட்சம் லீட்டருக்கு மேல்.

சாதாரண வாரத்துக்கு இத்தனை பயம் தேவையில்லை. எங்கள் வீட்டு மேற்கு யன்னலின் திரைச்சீலை பகல் முழுவதும் கடற்காற்றில் அறைக்குள் உப்பி நிற்கும். நாலரை மணியளவில் ஒரு கணம் தொய்ந்து தொங்கும். பிறகு மழைத்துளிகள் ஆவியாகிக் குளிர்வித்த கனத்த காற்று முகிலிலிருந்து கீழே விழுந்து, தரையோடு பரவி, கிழக்கிலிருந்து வீட்டுக்குள் புகும். திரைச்சீலை மறுபக்கம் திரும்பிக் கம்பிகளோடு ஒட்டிக்கொண்டு கடலை நோக்கிப் படபடக்கும். கடலின் மேல் அப்போதும் வெயில் இருக்கும். கீழ்வீட்டு அன்ரி அதற்குள் கொடியில் பாதித் துணியை எடுத்து முடித்திருப்பார்.