தினச் சீட்டை நம்பி இருக்காதீர்கள், சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்

கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசன் தொடங்கினால் தள்ளுவண்டிகள் கூடும், கூடவே என் அலுவலகத்துக்கு வரும் தெருவோர வியாபாரிகளும் கூடுவார்கள். வண்டியைத் தூக்கிவிட்டார்கள், தராசை எடுத்துப் போய்விட்டார்கள் என்று வருபவர்களிடம், "கையில் என்ன காகிதம் இருக்கிறது?" என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும், தினமும் கடைக்குக் காசு வசூலிக்கும் குத்தகைக்காரர் கிழித்துக் கொடுத்த தினச் சீட்டைத்தான் நீட்டுவார்கள்.

"தினமும் காசு கட்டிட்டுத்தானே சார் விக்கிறேன், என்னை எப்படி எழுப்பலாம்?" என்று ஒரு கொய்யாப்பழ வியாபாரி அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சீட்டு அன்றைய வசூலுக்கான ரசீது, அவ்வளவே. அங்கே உட்கார்ந்து விற்கும் உரிமை 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி வழங்கப்படும் விற்பனைச் சான்றிதழில் இருக்கிறது. அதற்காகச் சீட்டுகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பல வருடமாக அதே இடத்தில் கடை போடுகிறீர்கள் என்று காட்ட அவை உதவும்.

நகராட்சி, மாநகராட்சி, பேரூராட்சி ஒவ்வொன்றும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆணையர் தலைமையிலான நகர விற்பனைக் குழுதான் இந்தக் கணக்கெடுப்பை நடத்துகிறது. அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எந்தத் தெருவில் கடை போடலாம், எங்கே கூடாது என்ற பேச்சில் இந்தக் குழுவுக்கு இடம் உண்டு. அப்படிப்பட்ட குழுவுக்கான தேர்தலைப் பலர் கண்டுகொள்வதே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, சான்றிதழ் இருந்தும் எழுப்ப வந்தால்? 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அந்தக் கெடு முடிந்தும் நகராவிட்டால்தான் சரக்கைப் பறிமுதல் செய்யலாம். அப்போதும் என்னென்ன எடுத்தார்கள் என்று பட்டியல் எழுதி, எடுத்தவர் கையெழுத்துப் போட்டு, நகலை உங்களிடம் தர வேண்டும். அந்த அக்காவுக்கு அப்படி எதுவும் தரவில்லை. இரண்டு கூடைப் பழம், தராசு, குடை எல்லாம் லாரியில் போய்விட்டன. அபராதம் கட்டப் போனபோது தராசு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பட்டியல் இருந்திருந்தால் எதையெல்லாம் எடுத்தார்கள் என்று காட்டியிருக்கலாம். சட்டப்படி, கட்டணம் கட்டிக் கேட்ட அன்றே பழத்தையும், இரண்டு வேலை நாளுக்குள் தராசையும் குடையையும் திருப்பித் தந்தாக வேண்டும். அதனால் சரக்கை எடுக்கும்போது சண்டை போடாதீர்கள், பட்டியலைக் கேளுங்கள். தர மறுத்தால் செல்போனில் படம் எடுத்து, அன்றைக்கே ஆணையருக்கு மனு எழுதி ஒப்புகை வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று. ஊருக்கு வெளியே தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் மாம்பழம் விற்பவர்கள் நகராட்சிச் சான்றிதழை நம்பிப் போக வேண்டாம். அந்த நிலத்துக்கு 2002-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. ரயில்வே இடத்துக்கும் தெருவோர வியாபாரிகள் சட்டம் பொருந்தாது.

உங்கள் பக்கமும் கடமை இருக்கிறது. சான்றிதழை வாடகைக்கு விடக் கூடாது, கடையை நீங்களோ உங்கள் குடும்பத்தாரோதான் நடத்த வேண்டும், குப்பையை அங்கேயே போட்டுவிட்டுப் போகக் கூடாது. நிபந்தனையை மீறினால் சான்றிதழை ரத்து செய்ய முடியும், ஆனால் அதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும்.

வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து சும்மா இருந்துவிடாதீர்கள். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச சட்ட உதவி உண்டு. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. போகும்போது தினச் சீட்டுகள், ஆதார், கடையின் போட்டோ, கொடுத்த மனுவின் நகல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.