ரோமனெஸ்க்: ரோமானியமா, உரோமைச் சாயலா?

வீட்டு உள்ளலங்காரம் பற்றிய ஒரு கட்டுரையின் தமிழாக்கத்தைப் பார்த்துத் தரும்படி நண்பர் ஒருவர் அனுப்பியிருந்தார். மூலத்தில் ரோமனெஸ்க் என்று வந்த இடமெல்லாம் தமிழில் 'ரோமானிய பாணி' ஆகியிருந்தது. படிக்கும்போது எங்கும் இடறவில்லை. ஆனால் காலக்கணக்கு ஆயிரம் ஆண்டு பிசகிவிட்டது. ரோமானியக் கட்டிடம் என்றால் ரோம் நகரத்துக் கொலோசியம், பாந்தியன் கோயில். பாந்தியன் இன்றைய வடிவில் எழுந்தது 2ஆம் நூற்றாண்டில், பேரரசர் ஹேட்ரியன் காலத்தில். ரோமனெஸ்க் என்பதோ மேற்கு ஐரோப்பாவில் ஏறத்தாழ 1000 முதல் 1200 வரை தேவாலயங்களையும் மடங்களையும் கோட்டைகளையும் கட்டிய முறை. மேற்கில் ரோமப் பேரரசு விழுந்து அதற்குள் 500 ஆண்டுகள் போயிருந்தன.

பீசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தைப் படத்திலாவது பார்க்காதவர்கள் குறைவு. 1173இல் தொடங்கிய அந்தக் கோபுரம் ரோமனெஸ்க்தான். தளத்துக்குத் தளம் சுற்றிவரும் அரைவட்ட வளைவு வரிசைகளைக் கவனியுங்கள். அவைதான் இந்தப் பாணியின் முகம்.

சொல்லைப் பிரித்தால், ரோமன் என்பதோடு எஸ்க் என்ற விகுதி. அரபெஸ்க் என்றால் அரபு வேலைப்பாட்டை ஒத்த கொடிக்கோலம். நம் இலக்கிய விமர்சனங்களில் 'காஃப்கயெஸ்க்' என்று எழுதுகிறார்களே, காஃப்கா எழுதியதைப் போல இருக்கிறது என்பதற்கு, அங்கேயும் இதே விகுதிதான். ஒன்றைப் போல இருப்பது, ஆனால் அதுவே இல்லாதது. இத்தாலிய மொழியின் 'எஸ்கோ' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் எஸ்க் ஆனது. இத்தாலியனுக்கு அது ஜெர்மானிய மொழிகளிடமிருந்து கிடைத்தது. இங்கிலிஷ், ஐரிஷ் என்ற சொற்களின் கடைசியில் உள்ள 'இஷ்' இதன் உடன்பிறப்பு. ரோமப் பேரரசின் மண்ணில் வந்து குடியேறிய மக்களின் விகுதி ரோமின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கட்டிடங்களின் வரலாறும் ஏறக்குறைய அதுதான் என்பதால், இந்தப் பொருத்தத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

கட்டியவர்கள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. கட்டி முடித்து அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு வைத்த பெயர் இது. 1818இல் பிரான்சின் நார்மண்டியைச் சேர்ந்த பழம்பொருள் ஆய்வாளர் சார்ல் தெ ஜெர்வில் ஒரு கடிதத்தில் இக்கட்டிடங்களை 'ரோமான்' என்று அழைக்கலாம் என்றார். கனமும் முரடுமான இந்தக் கட்டிடக்கலை, ரோமானியக் கலை படிப்படியாகச் சிதைந்து உண்டானது என்பது அவர் கருத்து. லத்தீன் உருமாறிப் பிரெஞ்சு பிறந்ததைப் போல, அந்தக் கலை உருமாறி இது பிறந்தது என்று ஒப்பிட்டார். அடுத்த ஆண்டே, 1819இல், இங்கிலாந்துப் பாதிரியார் வில்லியம் கன் தம் நூலில் ரோமனெஸ்க் என்று எழுதினார். அவர் சொன்ன காரணம் இன்னும் கூர்மையானது. ரோம் நகரத்து மண்ணின் மைந்தன் தன்னை 'ரோமானோ' என்பான். எங்கிருந்தோ வந்து நெடுங்காலமாக அங்கேயே வாழ்பவனை 'ரோமனெஸ்கோ' என்று சற்றுத் தள்ளிவைத்துப் பேசுவான். இந்தக் கட்டிடங்களும் எனக்கு அப்படித்தான் என்றார் கன்.

ஆக, பெயரிலேயே ஒரு குறை சொல்லல் இருந்தது. பின்னாளில் குறை மறைந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பிரெஞ்சிலிருந்து நேராக மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே கட்டிடக்கலைக்குரிய சொல் 'ரோமான்' மட்டுமே. 'ரொமானெஸ்க்' என்று பிரெஞ்சில் எழுதியிருந்தால் 'நாவலில் வருவது போன்ற' என்று பொருள். லத்தீனை விட்டு மக்கள் பேச்சுமொழியில் எழுதிய கதைக்கு அன்று ரோமான் என்று பெயர்; இன்றைய பிரெஞ்சில் நாவலுக்கும் அதுவே பெயர். அந்தக் கதைகள் வீரமும் காதலுமாக இருந்ததால்தான் ரொமான்ஸ் என்ற சொல்லும் காதல் பக்கம் சாய்ந்தது. ரொமான்ஸும் ரோமனெஸ்க்கும் ஒரு வேரில் கிளைத்தவை.

சரி, இந்தக் கட்டிடங்கள் ஏன் இப்படிக் கனத்துக் கிடக்கின்றன? எல்லாம் கூரையால் வந்தது. மரக்கூரை தீப்பிடித்துக்கொண்டே இருந்தது; கல்லால் கூரை போட்டார்கள். நம் கூண்டு வண்டியின் மேல்கூண்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதைக் கல்லில் செய்து நீளமாக இழுத்தால் ஒரு ரோமனெஸ்க் கூரை. அப்படிப்பட்ட கூரை கீழே அழுத்துவதோடு நிற்காது, இரண்டு பக்கமும் சுவரை வெளியே தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்கச் சுவர் தடித்தது. தடித்த சுவரிலும் பெரிய சன்னல் வெட்டினால் பலம் போய்விடும், எனவே சன்னல் சிறுத்தது. சன்னல் சிறுத்ததால் உள்ளே அரையிருள். கிடைத்த கொஞ்ச வெளிச்சமும் பரவட்டும் என்று சன்னலின் பக்கங்களை உள்நோக்கி விரித்துச் சரித்துக் கட்டினார்கள். இங்கிலாந்தில் 1093இல் தொடங்கிய டர்ஹாம் பேராலயத்தின் பெருந்தூண்களுக்குச் சுற்றளவு 6.6 மீட்டர், உயரமும் 6.6 மீட்டர். அவற்றின் மேல் நெளிவரிகளும் சாய்சதுரங்களும் செதுக்கியிருக்கிறார்கள். (இங்கிலாந்தில் இந்தப் பாணிக்கே 'நார்மன்' என்றுதான் பெயர், 1066இல் நாட்டைப் பிடித்த நார்மன்கள் கொண்டுவந்து பரப்பியது.) கூர்வளைவு வந்து, சுமை தூண்களுக்கும் வெளித்தாங்கிகளுக்கும் மாறியபின் சுவர் மெலிந்தது, சன்னல் வளர்ந்தது. அதுதான் அடுத்து வந்த கோதிக் பாணி.

உள்ளலங்காரக்காரர்கள் ரோமனெஸ்க் என்னும்போது இவற்றின் எதிரொலியைத்தான் சொல்கிறார்கள்: அரைவட்டத் தலை வைத்த வாசல், சுவருக்குள் ஆழமாகப் போகும் மாடம், பருமனான குட்டைத் தூண், கனத்த ஓக் மரப் பெட்டி, கதவில் கொடியாக நெளியும் இரும்புக் கீல்பட்டை. இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இந்தப் பாணி என்றாலே பூசாத சாம்பல்நிறக் கல் என்று ஆக்கிவிட்டார்கள். அந்தக் காலத்தில் உட்சுவர்களில் பூச்சும் வண்ண ஓவியமும் நிறைந்திருந்தன. பிரான்சில் சான்-சவான் மடாலயத்தின் கூண்டுக் கூரை முழுக்க விவிலியக் கதைகள் ஓவியமாக இருக்கின்றன. ஸ்பெயினின் பைரனீஸ் மலையூரான தவுல்லில் 1123இல் அர்ப்பணிக்கப்பட்ட சிற்றாலயத்தின் ஓவியங்களைப் பெயர்த்தெடுத்து பார்சலோனா அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த நீலமும் சிவப்பும் இன்றும் கண்ணைப் பிடித்து நிறுத்தும். மொட்டைக் கல் என்பது பூச்சு உதிர்ந்தபின் மிஞ்சியது, அல்லது பின்னால் வந்தவர்கள் புதுப்பிக்கிறோம் என்று சுரண்டியது.

இனி தமிழ்ச் சொல். 'ரோமானிய' என்பதில் எஸ்க் காணாமல் போகிறது. போதாக்குறைக்கு ரோமானியா என்ற நாட்டையும் நினைவூட்டுகிறது. 'உரோமப் பாணி' என்றால் உரோமம், அதாவது முடி, குறுக்கே வருகிறது. 'வட்டவளைவுப் பாணி' என்றும் யோசித்தேன். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் அரைவட்ட வளைவின் பெயராலேயே ஒரு பாணி எழுந்தது, அந்தச் சொல்லை அதற்கு வைத்துக்கொள்வதுதான் முறை. 'உரோமைப் போலி' இலக்கணம் படித்தவர்களுக்கு இனிக்கும். 'இல்முன்' என்பது 'முன்றில்' ஆவது இலக்கணப் போலி. அங்கே போலி என்றால் ஏமாற்று இல்லை, போல இருப்பது. ஆனால் இன்று போலி என்றால் போலி மருந்துதான் நினைவுக்கு வரும்.

தமிழ்க் கிறித்தவர்கள் நெடுங்காலமாக 'உரோமை' என்கிறார்கள். விவிலியத்தில் உரோமையருக்கு எழுதிய திருமுகம் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு, எஸ்க்குக்குச் 'சாயல்' போட்டால் 'உரோமைச் சாயல்'. பிள்ளையைப் பார்த்து 'அப்படியே தாத்தா சாயல்' என்கிறோமே, அந்தச் சாயல். தாத்தாவும் பிள்ளையும் வேறு வேறு ஆள், நடுவில் ஒரு தலைமுறை இருக்கிறது, முகம் மட்டும் தொடர்கிறது. தொல்காப்பியம் 'சாயல் மென்மை' என்கிறதே, டர்ஹாம் தூணுக்கு மென்மையா என்று யாராவது கேட்கலாம். அது பழைய பொருள்; ஒப்புமை என்ற பொருள் இன்று வீட்டுப் பேச்சிலேயே ஊன்றிவிட்டது. 1881இல் திறந்த லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் போலப் பிற்காலத்தில் இந்தப் பாணியை மீட்டுக் கட்டியவற்றை 'புத்துரோமைச் சாயல்' எனலாம். முதல் முறை வருமிடத்தில் ரோமனெஸ்க் என்பதையும் பக்கத்தில் வைத்துவிட்டால் தேடுகிறவர்களுக்கு உதவும்.

நண்பரின் கட்டுரையில் எல்லா இடத்திலும் அப்படியே மாற்றினேன். ஓரிடத்தில் மட்டும் 'ரோமானிய' என்பதை விட்டுவைத்தேன். அங்கே பேச்சு பாந்தியனைப் பற்றியது.